பெரிய பழைய லேப்டாப்பா, சிறிய புதிய லேப்டாப்பா? தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து திணறுகிறார்கள். கடைக்காரர் இரண்டு லேப்டாப்புகளை மேசை மேல் எடுத்து வைக்கிறார். ஒன்று லெனோவோ திங்க்பேட் டி580: 2018-ஆம் ஆண்டு மாடல், 15.6 அங்குலத் திரை, வலது பக்கம் தனி எண் விசைகள், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இன்னொன்று அதே நிறுவனத்தின் எக்ஸ்13 ஜென் 2: 2021-ஆம் ஆண்டு மாடல், 13.3 அங்குலத் திரை, ஒரு கையால் தூக்கிவிடலாம், ஆனால் ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியதைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. சிறியதைப் பார்த்தால் புதிது என்ற நம்பிக்கை வருகிறது.

இந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் பேசப்போகிறேன். சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும், ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்துப் புதுப்பித்தது) என்ற பெயரில் இணையத்திலும் விற்கப்படும் நல்ல பழைய லேப்டாப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காகக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மொத்தமாகத் திருப்பித் தருபவை. டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஒரு கேள்வியை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு காசு போட்டால் சரியாகிற குறை எது, எவ்வளவு காசு போட்டாலும் சரியாகாத குறை எது? பேட்டரி தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால் பெரியது போட்டுக்கொள்ளலாம். திரை சிறியதாக இருந்தால் வீட்டில் மானிட்டர் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் பிராசஸரை மாற்ற முடியாது. மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேமைக் கூட்ட முடியாது. இரண்டு கிலோவை ஒரு கிலோ ஆக்க முடியாது. திரையின் அளவையும் மாடலின் வருடத்தையும் மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் இவை கண்ணில் படாமலே போய்விடும்.

முதல் படி: லேப்டாப் எங்கே திறக்கப்படும்?

கடந்த ஒரு வாரத்தில் எங்கெங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள், எங்கெல்லாம் லேப்டாப் இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆறு நாளும் கடையின் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை என்றால் எடை உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் மாணவி என்றால், புத்தகங்களோடும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடும் அதையும் தோளில் சுமக்க வேண்டும். பெரிய லேப்டாப் வாங்கிய மாணவர்கள் பலர் இரண்டாம் மாதத்திலேயே அதை விடுதி அறையில் விட்டுவிட்டு, வகுப்பில் போனில் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூடவே வராத லேப்டாப் எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

இரண்டாம் படி: பிராசஸரின் எண்ணை வாசியுங்கள்

"ஐ7 சார், பயங்கர வேகம்" என்று சொல்லித் தருவதை அப்படியே ஏற்காதீர்கள். ஐ5, ஐ7 என்பதைவிட அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-8250யு என்றால் முதல் இலக்கம் 8, அதாவது எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் 11, அதாவது பதினொன்றாம் தலைமுறை.

இன்டெல் லேப்டாப்புகளைப் பொறுத்தவரை எட்டாம் தலைமுறை ஓர் எல்லைக்கோடு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2017-இல் எட்டாம் தலைமுறை வரும்வரை, மெல்லிய லேப்டாப்புகளில் இருந்த யு வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பிராசஸர்களில் இரண்டு கோர்கள், அதாவது இரண்டு கணிப்புப் பகுதிகள்தான் இருந்தன. ஐ7-6600யு, ஐ7-7500யு இரண்டுமே இரண்டு கோர் பிராசஸர்கள்தான். ஐ5-8250யு-வில் நான்கு கோர்கள். ஆகவே பழைய ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ5 மேல். இரண்டாவது காரணம் விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் அதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி லேப்டாப்புகளில் பொதுவாக ரைசன் 3000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஏழாம் தலைமுறையில் ஓரிரு விதிவிலக்குகள்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்குத் தரப்படும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபரோடு நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்பிலும் கடைக்காரர்கள் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள். திரையில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்பதாலேயே அதற்குத் தகுதி இருக்கிறது என்று ஆகாது. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. வங்கி வேலை, வரித் தாக்கல் எல்லாம் செய்யப்போகும் கணினியில் இந்த அபாயத்தை ஏற்கவே வேண்டாம். லினக்ஸ் பழகியவர் என்றால் அது வேறு கதை. உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் அது நன்றாகவே ஓடும்.

நம் இரண்டு மாடல்களும் கோட்டைத் தாண்டியவை: டி580-இல் ஐ5-8250யு, எக்ஸ்13 ஜென் 2-இல் ஐ5-1135ஜி7 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டங்கள்). உச்ச வேகம் ஐ5-8250யு-வில் 3.4 கிகாஹெர்ட்ஸ், ஐ5-1135ஜி7-இல் 4.2. வேர்டு, எக்செல், பிரவுசர், டேலி ஆகிய வேலைகளில் இந்த வித்தியாசம் தெரியும்; ஆனால் பழையதில் வேலை நின்றுபோகும் அளவுக்குத் தெரியாது. பெரிய வித்தியாசம் கிராஃபிக்ஸில் இருக்கிறது. பழையதில் உள்ள யுஎச்டி 620-இல் 24 கணிப்பு அலகுகள்; புதியதில் உள்ள ஐரிஸ் எக்ஸ்இ-யில் 80. யூடியூப் இப்போது பரவலாகப் பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் திறன் பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. பழையதில் அந்த வகை வீடியோவை பிராசஸரே முழுச் சுமையாக ஏற்க வேண்டும். மின்விசிறி இரையும், பேட்டரி இறங்கும்.

எக்ஸ்13 ஜென் 2-இலேயே ஏஎம்டி ரைசன் 5 ப்ரோ 5650யு பொருத்தியதும் உண்டு. அதில் ஆறு கோர்கள். தண்டர்போல்ட் (வேகமான யுஎஸ்பி-சி இணைப்பு வகை), ஏவி1 இரண்டும் முக்கியமில்லை என்பவர்கள், கிடைத்தால் அதை எடுக்கலாம்.

பெரிய பழைய லேப்டாப்பில் தனி என்விடியா கிராஃபிக்ஸ் இருக்கிறது என்று மயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பின் 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

மூன்றாம் படி: திரையை அங்குலத்தால் மட்டும் அளக்காதீர்கள்

அதிகம் ஏமாறும் இடம் இது. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையில் எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது.

முதலில் பிக்சலைப் பாருங்கள். பழைய 15.6 அங்குல லேப்டாப்புகள் பலவற்றில் 1366 × 768 திரைதான் இருக்கிறது. மொத்தம் சுமார் பத்தரை லட்சம் பிக்சல்கள். 1920 × 1080 என்றால் கிட்டத்தட்ட இருபத்தொரு லட்சம். ஏறக்குறைய இரு மடங்கு. 1366 திரையில் ஜிஎஸ்டி தளத்தையோ ஒரு நீளமான எக்செல் தாளையோ திறந்தால், மேலே மெனு பட்டையும் கீழே டாஸ்க்பாரும் போக நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தத் திரையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேனலை மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் சரியான பேனலும் கேபிளும் தேடி, கூலியும் கொடுத்து முடிக்கும்போது சகாய விலை என்பது காணாமல் போயிருக்கும்.

அடுத்தது உயரம். 15.6 அங்குல டி580-இன் திரை 16:9 விகிதம்: அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. 13.3 அங்குல எக்ஸ்13 ஜென் 2-இன் திரை 16:10 விகிதம்: அகலம் 28.6, உயரம் 17.9. அகலத்தில் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் குறைகிறது. உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பழைய 14 அங்குல 16:9 திரையின் உயரம் 17.4 என்பதால், இந்த 13.3 அங்குலம் அதைவிடவும் உயரமானது. கட்டுரை எழுதுபவர்களுக்கும் பிடிஎஃப் படிப்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் வேண்டியது உயரம். அகலமான கணக்குத் தாள், வீடியோ எடிட்டிங் டைம்லைன், பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஜன்னல் வைத்து வேலை செய்பவர்களுக்கு அகலம் வேண்டும்.

மூன்றாவது, எழுத்தின் அளவு. சிறிய திரையில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் எழுத்து பொடியாகத் தெரியும். ஆகவே விண்டோஸ் அமைப்பில் ஸ்கேலை 125% என்று வைக்க நேரும். 13.3 அங்குலத்தில் 125% வைத்தால் வரும் எழுத்தும், 15.6 அங்குலத்தில் 100% வைத்தால் வரும் எழுத்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு. அப்போது சிறிய திரையில் உங்களுக்குக் கிடைக்கும் வேலை இடம் 1536 × 960. பெரியதில் 1920 × 1080. எக்செலில் வழக்கமான அகலமுள்ள நெடுவரிசைகளை எண்ணினால் பெரியதில் சுமார் 29, சிறியதில் சுமார் 23. ஆறு நெடுவரிசை உங்கள் வேலைக்குப் பெரிதா சிறிதா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். வாசிப்புக் கண்ணாடி போடுபவர்கள் 150% வரை போவார்கள். அப்போது சிறிய திரையில் மிஞ்சுவது 1280 × 800. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய கணக்கர் ஒருவர் நாள் முழுக்க அதில் வேலை செய்வது கொடுமை.

ஆகவே பென்டிரைவில் உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். தினமும் திறக்கும் எக்செல் தாளோ, படிக்கும் பாடப் பிடிஎஃப்போ எதுவானாலும் சரி. அதை இரண்டிலும் திறந்து, மேசையில் சாதாரணமாக உட்கார்ந்து, பத்து நிமிடம் படியுங்கள். கண் சுருங்குகிறதா, முதுகு தானாகவே முன்னால் வளைகிறதா என்று கவனியுங்கள்.

வீட்டிலோ அலுவலகத்திலோ மேசை இருப்பவர்களுக்கு 24 அங்குல மானிட்டர் ஒன்று இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். அதன் பரப்பு 15.6 அங்குலத் திரையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிறியதோடு மானிட்டரைச் சேர்த்து வாங்குவது என் பார்வையில் பலருக்கும் மிகச் சரியான முடிவு. ஆனால் மானிட்டருக்கான பணத்தையும் இப்போதே கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எண் விசைகளையும் இங்கேயே பேசிவிடலாம். டேலியில் நாள் முழுக்க வவுச்சர் போடுபவருக்குத் தனி எண் விசைகள் இல்லாமல் கை ஓடாது. ஆனால் யுஎஸ்பி எண் பலகை தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது. எண் விசைகள் உள்ள லேப்டாப்பில் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் தள்ளி இருக்கும். எண் அதிகம் அடிக்காதவருக்கு அதுவே தொந்தரவு.

நான்காம் படி: ரேம் பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா?

டி580-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. லெனோவோ கணக்குப்படி 32 ஜிபி வரை போடலாம். எக்ஸ்13 ஜென் 2-இல் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்தது. வாங்கும்போது 8 என்றால் கடைசிவரை 8தான்.

விண்டோஸும் ஒரு பிரவுசரும் பத்துப் பதினைந்து டேப்களும் திறந்தாலே 8 ஜிபி திணறத் தொடங்கிவிடுகிறது. இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டப்போகும் கணினிக்கு 16 ஜிபி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனவே கடைக்காரர் எடுத்து வைத்த அந்த 8 ஜிபி எக்ஸ்13-ஐத் தள்ளிவையுங்கள். அதே மாடலில் 16 ஜிபி இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்எஸ்டி 256 ஆக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பிறகு மாற்றலாம்.

கடையிலேயே சரிபார்க்க எளிய வழி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி என்று போங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் சோடிம் என்று இருந்தால் கழற்றக்கூடியது. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது.

ஐந்தாம் படி: எடை, பேட்டரி, சார்ஜர்

எடையில் ஒன்று சுமார் இரண்டு கிலோ, மற்றது சுமார் ஒன்றேகால் கிலோ. இரண்டுமே யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் என்பது நல்ல விஷயம். இன்னும் பழைய பெரிய வொர்க்ஸ்டேஷன்களில் 135, 170 வாட் சார்ஜர்கள் வரும். பையில் அதுவே ஒரு பாரம்.

டி580-இல் உள்ளே ஒன்றும் பின்னால் கழற்றக்கூடிய ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள். அணைக்காமலேயே பின்பக்க பேட்டரியை மாற்றலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆறாம் படி: கடையில் அரை மணி நேரம்

அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். உட்கார்ந்து பார்க்க விடுபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

முதலில் மூடிய நிலையில் சமதளத்தில் வையுங்கள். ஆடினாலோ டச்பேட் மேல்நோக்கிப் புடைத்திருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அது தீப்பிடிக்கும் அபாயம். பிறகு திறந்து திரையைப் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் தலைகீழாகத் தெரிந்தால் அது பழைய டிஎன் பேனல்.

அணைத்து, மறுபடி போடும்போது எஃப்1 விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) நுழையுங்கள். சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேடில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது போகாது. அங்கே காட்டும் சீரியல் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் மதர்போர்டோ அடிப்பகுதியோ மாற்றப்பட்டிருக்கிறது.

குத்தகையிலிருந்து வரும் லேப்டாப்புகளில் இன்னொரு பொறி உண்டு. பழைய நிறுவனம் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்காமலே விற்றிருக்கலாம். கடையில் எல்லாம் சரியாக ஓடும். நீங்கள் வீட்டில் ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் போட்டு வரவேற்று, அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும். ஆகவே கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தில் இணைத்து, முதல் திரைகள் வரை பாருங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

பேட்டரிக்கு கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் (powercfg /batteryreport) பேட்டரி ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 48,000, இரண்டாவது 30,000 என்றால் மிச்சம் சுமார் 62%. 70%-க்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும்.

டி580-க்கு மட்டும் ஒரு தனிச் சோதனை. அந்த வரிசை திங்க்பேடுகளில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (அந்தப் போர்ட்டை இயக்கும் உள் மென்பொருளில்) ஒரு கோளாறு இருந்தது. திருத்தத்தை லெனோவோ வெளியிட்டது. அதைப் போடாமலே ஓட்டிய லேப்டாப்புகளில் தண்டர்போல்ட் போர்ட் நாளடைவில் செயலிழந்துவிடுகிறது. இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், மானிட்டரையும் இணைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் திருத்தத்தைப் போடுங்கள்.

கடைசியாக 4கே வீடியோ ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகத்தைக் கவனியுங்கள். வேகம் அடிப்படை அளவுக்கும் கீழே விழுந்து அங்கேயே நின்று, அடிப்பக்கமும் கொதித்தால் தூசியும், பிராசஸரின் சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்து, பேஸ்ட்டைப் புதிதாகப் பூசித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பழைய லேப்டாப்பில் இதைத் தள்ளிப்போட முடியாது.

ஏழாம் படி: யாருக்கு எது?

நாள்தோறும் தூக்கிச் செல்பவர் என்றால் 16 ஜிபி ரேமுள்ள சிறிய புதியதுதான். இதில் யோசிக்க எதுவும் இல்லை. வீட்டில் மேசை இருந்தால் ஒரு மானிட்டரும் சேரட்டும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து அகலமான தாள்களில் வேலை செய்பவர், கண் பார்வை குறைந்தவர், வீட்டில் எல்லோரும் பயன்படுத்தப் பொதுவாக ஒன்று வாங்குபவர் ஆகியோருக்கு 1920 × 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத) திரையுள்ள பெரிய பழையது நல்லது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போக வேண்டாம்.

8 ஜிபி பற்றவைத்த சிறியதும், நல்ல பெரியதும் மட்டுமே கையிருப்பில் இருந்து, பணமும் அவ்வளவுதான் என்றால் நான் பெரியதையே எடுக்கச் சொல்வேன், மாணவராக இருந்தாலும். சுமை கஷ்டம்தான், ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே திணறும் கணினிக்காக மறுபடி பணம் புரட்டுவது அதைவிடப் பெரிய கஷ்டம். பெரியது 1366 திரையோடும் சிறியது 8 ஜிபியோடும் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். இந்த வகை லேப்டாப்புகள் மொத்தம் மொத்தமாகச் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பணம் கொடுக்கும் முன் பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், ரேம் அளவு, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், கடையின் வாரண்டியில் பேட்டரியும் திரையும் அடங்குமா என்ற விவரங்களை எழுதி வாங்குங்கள். அந்த அவகாசம் முடிவதற்குள் கேமரா, மைக், ஸ்பீக்கர், ஒவ்வொரு விசை, ஒவ்வொரு போர்ட், தூங்கவைத்து எழுப்புவது என எல்லாவற்றையும் வீட்டில் சோதித்து, ஒரு நாள் முழுக்க உங்கள் உண்மையான வேலையை அதில் செய்து பாருங்கள்.